பரணில் இருக்கும் கார் சீட்டா, தெரிந்தவர் தருவதா, புதுசா?

இரண்டாவது குழந்தைக்கு கார் சீட் வேண்டும். மூத்தவன் உட்கார்ந்தது பரணில் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், "எங்க பொண்ணு வளர்ந்துட்டா, எடுத்துக்கோங்க" என்று பளபளப்பான ஒன்றைத் தருகிறார். கடையில் புதுசும் இருக்கிறது.

பரணில் இருப்பதை முதலில் இறக்குங்கள். துணி வெளுத்திருப்பதும் பால் கறையும் குறையே இல்லை. சீட்டைக் கவிழ்த்தால் தயாரித்த தேதி ஸ்டிக்கரில் இருக்கும். அது கிழிந்திருந்தால், பல சீட்டுகளில் பிளாஸ்டிக்கிலேயே சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் பதிந்திருக்கும்: ஓரத்தில் மாத எண்கள், நடுவில் ஆண்டு, மாதத்தைக் காட்டும் அம்பு. பெரும்பாலான கம்பெனிகள் 6 முதல் 10 ஆண்டு வரைதான் ஆயுள் சொல்கின்றன. காருக்குள் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டால் பிளாஸ்டிக் வலுவிழக்கும். தேதி தாண்டியிருந்தால் பேச்சே இல்லை, வேண்டாம்.

தேதி சரியா? அப்புறம் துணி உறையைக் கழற்றுங்கள். தலைக்கு இருபுறமும் தெர்மாகோல் போன்ற நுரை இருக்கும். அதைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். தலைமுடி அளவு விரிசல் தட்டுப்பட்டாலும் அந்தச் சீட்டை விட்டுவிடுங்கள். கார் மோதும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்த நுரைதான்.

கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள்தான் எனக்குப் பெரிய கவலை. பெல்ட்டை யாராவது சோப்பு நீரில் ஊறவைத்துத் துவைத்தார்களா? அதில் இழை பலம் குறையும். கார் எங்காவது மோதியதா? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, சின்ன மோதல் என்றால் சீட்டை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. ஆனால் சின்ன மோதல் என்று சொல்ல ஐந்தும் பொருந்த வேண்டும்: காரை ஓட்டிச்செல்ல முடிந்தது, சீட்டுக்கு அருகிலிருந்த கதவு சேதப்படவில்லை, யாருக்கும் அடியில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் சேதம் தெரியவில்லை. எந்த மோதலானாலும் மாற்றச் சொல்லும் கம்பெனிகளும் உண்டு. கையேட்டில் அப்படி இருந்தால் அதன்படிதான் நடக்க வேண்டும்.

உங்கள் சீட்டைப் பற்றிய இந்தக் கேள்விகளுக்கு உங்களிடமே பதில் இருக்கிறது. தெரிந்தவர் தரும் சீட்டுக்கு அவரிடம்தான் கேட்க வேண்டும், கூசாமல் கேளுங்கள். "இருக்காது, ஞாபகம் இல்லை" என்று இழுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம். முன்பின் தெரியாதவர் விற்பதை நான் வாங்கவே மாட்டேன், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் சரி.

புதுசு என்றால் விலை உயர்ந்ததைத் தேட வேண்டியதில்லை, எளிய மாடலும் அதே கட்டாயத் தேர்வில் தேறித்தான் வருகிறது. ஐ.நா.வின் ஆர்129 விதிப்படி வந்ததானால் பக்கவாட்டு மோதலுக்கும் சோதித்திருப்பார்கள், பழைய ஆர்44 விதியில் அது இல்லை. ஆனால் உங்கள் காரில் கட்டிப் பார்த்துத்தான் வாங்குங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் சீட் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது.

என்னைக் கேட்டால், தேதியும் நுரையும் சரியாக இருக்கும் பரண் சீட்டுக்கே முதலிடம். இல்லையென்றால் எளிய புதுசு. கழித்த சீட்டை அப்படியே தெருவில் வைக்காதீர்கள், வேறொரு குழந்தைக்குப் போய்விடும். பெல்ட்டுகளை வெட்டி, முதுகில் பெரிதாக 'பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதிப் போடுங்கள்.