கோயில் பாடற்குழுவா, வெளி மேடையா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கீபோர்டு வாசிக்கும் கிறிஸ்தவப் பையன்கள் அடிக்கடி கேட்பது இதுதான். கோயில் என்று இங்கே சொல்வது சர்ச்சை.

வருமானம்
கோயில்: பெரும்பாலும் சேவை. திருவிழாவுக்கு ஏதாவது கொடுப்பார்கள்.
மேடை: ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையில் மட்டும் ஊரில் காசு புழங்காமல் அந்தப் பேச்சும் அடங்கிவிடும்.

கருவி
கோயிலில் இருப்பதை வாசிக்கலாம். வெளியே சொந்தமாக வாங்க வேண்டும். நம்மூர் உப்புக்காற்று வயரைக்கூட விடாது.

நிலைப்பு
இங்கேதான் எனக்கும் குழப்பம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சரபோஜி மன்னருக்கு நெருக்கமானவர். அரண்மனைச் செல்வாக்கு இருந்தும் கிறிஸ்தவப் பாட்டே எழுதினார். இன்றும் ஆலயங்களில் பாடுகிறார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் (1826–1889) கிறிஸ்தவர்தான். முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக இருந்த அவர் எல்லா மதத்தாரும் பாடும்படி கீர்த்தனை எழுதினார். அவை கச்சேரி மேடை ஏறின. பெயர் ரெண்டு பேருக்கும் நின்றது, கேட்பவர்கள்தான் வேறு.

மனசு
மேடையில் அம்மன் பாட்டும் வரும், குத்துப்பாட்டும் வரும். அதை வாசித்தால் விசுவாசம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. விடிய விடிய வாசித்துவிட்டு ஞாயிறு காலைப் பூசைக்கு எழுந்திருப்பதுதான் பாடு!

வீட்டில் வேறு வருமானம் இருந்து, பாட்டு ஜெபமாக வேண்டும் என்பவருக்குக் கோயில் போதும். இசையே பிழைப்பு என்றால் மேடைக்குப் போங்கள். ஜூலையில் சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) திருவிழா நாளில் மட்டும் வெளி மேடைக்குத் தேதி கொடுத்துவிடாதீர்கள், ஊரில் தேடுவார்கள்.