மருத்துவ பீட ஆசிரியர்களுக்கான பயிற்சிப்பட்டறைகள்: பரீட்சை வரை கைகொடுப்பவை எவை?

மட்டக்களப்பில் மருத்துவ பீட விரிவுரையாளர்களுக்கென நடக்கும் பயிற்சிப்பட்டறைகளைப் பல வருடங்களாகப் பயன்படுத்தியதில், சொந்த வினாத்தாளைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே திருத்தவைப்பவைதான் பலன் தருகின்றன. மில்லரின் பிரமிட், புளூமின் வகைப்பாடு போன்ற கற்றல், மதிப்பீட்டுக் கோட்பாடுகள் எல்லாவற்றுக்கும் அரை மணித்தியாலம் போதும்.

எஸ்.பி.ஏ. வினா (தரப்பட்ட விடைகளில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தெரிவது) எழுதும் அமர்வில் நல்ல வளவாளர் முதலில் ஐந்து விடைகளையும் கையால் மறைக்கச் சொல்வார். ‘பாம்புக்கடி பற்றிப் பின்வருவனவற்றுள் சரியானது எது?’ என்ற வினா அங்கேயே விழுந்துவிடும். ‘வயலில் பாம்பு கடித்து 2 மணித்தியாலத்தில் வந்த 34 வயது விவசாயி. பல் முரசில் இரத்தம் கசிகிறது. 20 நிமிடச் சோதனையில் குருதி உறையவில்லை. அடுத்து என்ன மருந்து கொடுக்க வேண்டும்?’ என்று மாற்றினால், விடைகளைப் பார்க்காமலே எதிர்விஷம் என்று சொல்லிவிடலாம். விடைகள் ஐந்தும் மருந்துகளாகவே இருக்க வேண்டும். இடையில் ஒரு சோதனையும் ஒரு நோயும் கலந்தால், படிக்காத மாணவரும் கழித்துக் கழித்தே கண்டுபிடித்துவிடுவார். சரியான விடை மட்டும் நீண்டுபோவது இன்னொரு பிழை. யாரும் வாதாட இடம் வைக்கக் கூடாதென்று அதற்கு மட்டும் நிபந்தனைகளைச் சேர்ப்பதால் வருவது.

பரீட்சை முடிந்தபின் வைக்கும் வினாப் பகுப்பாய்வு அமர்வுதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது. நேரமில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் அதுதான். 100 பேர் எழுதினால் மொத்தப் புள்ளி வரிசையில் மேல் 27 பேரையும் கீழ் 27 பேரையும் எடுங்கள். மேலே 22 பேரும் கீழே 20 பேரும் சரியாக எழுதியிருந்தால், வேறுபடுத்தும் சுட்டி 2ஐ 27ஆல் வகுத்து 0.07. கெட்டிக்காரரையும் மற்றவரையும் அந்த வினா பிரிக்கவேயில்லை. 0.2க்கு மேல் வர வேண்டும். மறைப்பெறுமானம் (பூச்சியத்துக்குக் கீழ்) வந்தால் முதலில் விடைத்தாளின் திறவுகோலைப் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான். 5 சதவீதத்துக்கும் குறைவானோர் தெரிவு செய்த விடையைத் தூக்கிவிட்டு வேறொன்று போடலாம்.

ஒவ்வொரு வினாவுக்கும் எத்தனை வீதமானோர் சரியாக விடையளிப்பர் என்று பரீட்சகர்கள் ஊகிக்கும் ஆங்கோஃப் முறையில் சித்திப் புள்ளி நிர்ணயிக்கும்போது, மட்டுமட்டாகச் சித்தியடையும் மாணவரை நினைக்க வேண்டிய இடத்தில் எல்லோரும் நல்ல மாணவரையே நினைக்கிறார்கள். புள்ளி தேவையில்லாமல் ஏறிவிடும்.

ஓஸ்கி (மாணவர் நிலையம் நிலையமாகச் சென்று செய்துகாட்டும் மருத்துவச் செயன்முறைப் பரீட்சை) பட்டறைகளில் வெளியூர் வளவாளர்கள் தவறவிடுவது மொழியை. இங்கே வாட்டில் நோயாளர் பெரும்பாலும் தமிழ் பேசுவார். மாணவர்களில் சிங்களம் பேசுவோர் நிறையப் பேர். நோயாளியாக நடிப்பவர் தானாகவே மொழிபெயர்த்துச் சொன்னால், ஒருவருக்கு ‘வலி தோளுக்கும் போகுது’ என்பது கேட்காமலே கிடைக்கும், மற்றவருக்குக் கேட்டால்தான் கிடைக்கும். ஒரே நிலையம் இரண்டு பரீட்சையாகிவிடும். எனவே பாத்திரக் குறிப்பை இரு மொழியிலும் எழுதி, ‘தானாகச் சொல்வது’, ‘கேட்டால் மட்டும் சொல்வது’ என்று இரண்டு நிரல்களாகப் பிரிக்க வேண்டும். நடிப்பவர்களை ஒன்றாக இருத்தி, மணியடித்து ஒத்திகை பார்ப்பதும் கட்டாயம். இதற்கு அரை நாள் ஒதுக்காத நிகழ்ச்சிநிரலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆய்வுப் பட்டறைகளில் புள்ளிவிவர மென்பொருள் வகுப்பு சீக்கிரம் மறந்துபோகும். மாதிரி அளவுக் கணக்கு, சம்மதப் படிவம் இரண்டையும் சொந்த முன்மொழிவில் வைத்துத் திருத்தும் அமர்வு உதவும். அந்தப் படிவத்தின் தமிழ் வடிவத்தை வாட்டுத் தாதி ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் இடங்கள் நோயாளிக்கும் விளங்காது. ஒழுக்கநெறிக் குழுவுக்கு அனுப்புமுன் அவற்றை மாற்றிவிட வேண்டும்.