ஏஎல் (உயர்தரப் பரீட்சை) ரிசல்ட்ஸுக்குப் பிறகு கம்பஸ் (பல்கலைக்கழக) அப்ளிகேஷன் போட்டுத் தாற இடம், போக விரும்பிற ஆக்களுக்கு

ரிசல்ட்ஸ் வந்த கையோட அப்ளிகேஷன் நிரப்பித் தாறம் எண்டு யாழ்ப்பாணம் முழுக்க போர்ட் தொங்கத் தொடங்கிடும், அதில ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு சின்ன ஒஃபிசுக்கு என்ர பெறாமகளைக் கூட்டிக்கொண்டு போனனான், அவள் ஏஎல்லுக்கு பயோ (உயிரியல்) படிச்சவள். பேர் போடேல்லை, ஏனெண்டா குறையும் சொல்லப் போறன். ஆனா விசயம் தெரிஞ்ச ஆக்கள்.

எனக்குப் பிடிச்சது மாவட்டக் கோட்டாவை அவை விளங்கப்படுத்தின விதம். அங்க இருந்த அக்கா ஒரு பேப்பரை எடுத்து பென்சிலால கோடு போட்டவ, ஒரு கோர்சுக்கு 100 இடம் எண்டு வை பிள்ளை, முதல் 40 முழு இலங்கைக்கும் இசட் ஸ்கோர் (பாடங்களுக்கிடையில ஒப்பிடக்கூடிய மாதிரிச் சமப்படுத்தின புள்ளி) ஒழுங்கில போகும், அதுதான் மெரிட், 55 இடம் 25 மாவட்டத்துக்கும் சனத்தொகைப்படி பிரியும், மிச்சம் 5 பின்தங்கின 16 மாவட்டத்துக்கு, அதுக்க யாழ்ப்பாணமும் நிக்குது எண்டு. பேந்து சொன்னதுதான் எங்களுக்கு உயிர் வந்த மாதிரி, மெரிட்டில போற எங்கட பிள்ளையள் மாவட்டப் பங்கில இடம் பிடிக்க மாட்டினம், அந்த இடம் அடுத்த பிள்ளைக்கு வரும், அதால டிஸ்ட்ரிக்ட் ராங்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காத எண்டவ. இவள் அந்த ராங்கைப் பார்த்திட்டுத்தான் சாப்பிடாமக் கிடந்தவள்! கலைப்பீட ஆர்ட்ஸ் கோர்சுக்கு இந்தக் கணக்கு வராது, அங்க முழு இலங்கை மெரிட்தான் எண்டும் பக்கத்தில இருந்த பிள்ளைக்குச் சொன்னவ.

மாவட்டம் எண்டாலே எங்கட வீடுகளில ஒரு கோவம் இருக்கு, 1970களில மொழி, மாவட்டம் பார்த்து கம்பஸுக்கு எடுத்த தரப்படுத்தலால இடம் இழந்த ஆக்கள் இன்னும் இருக்கினம், அது நியாயமான கோவம். ஆனா இண்டைக்கு அப்ளிகேஷன் போடுற பிள்ளைக்கு கோவத்தை விட கணக்குத்தான் வேணும். டெக்சாஸில கூட 1997 இல ஒரு சட்டம் கொண்டு வந்தவை, அந்த மாநிலப் பள்ளிக்கூடங்களில முதல் 10 வீதத்துக்க வாற பிள்ளையளை மாநிலத்தின்ர பல்கலைக்கழகங்கள் எடுக்க வேணும் எண்டு, ஆக எங்க படிச்சனி எண்டு கேக்கிறது எங்கட நாட்டில மட்டும் இல்லை.

இன்னொரு இடத்தில எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு, முல்லைத்தீவில வெட்டுப்புள்ளி (கடைசியா எடுபடுற பிள்ளையின்ர இசட் ஸ்கோர்) குறைவு, கடைசி வருசம் பிள்ளையை அங்கத்தப் பள்ளிக்கூடத்துக்கு மாத்துங்கோ எண்டு காசு வாங்கிச் சொல்லியிருக்கினம். சரியான அநியாயம். ஏஎல்லுக்கு முந்தின மூண்டு வருசமும் எந்த மாவட்டப் பள்ளிக்கூடம் எண்டுதான் பார்ப்பினம், அதோட அது அங்கத்தப் பிள்ளையின்ர இடம், லாப்பும் ரீச்சரும் இல்லாமப் படிச்சு வாற பிள்ளையின்ர இடம். இந்த ஒஃபிசில அதைக் கேட்ட ஒரு அப்பாவுக்கு அக்கா முகத்துக்கு நேரயே மாட்டன் எண்டு சொன்னவ, அதுக்காகவே நான் இதை எழுதுறன்.

யுனி கோட் (கோர்சையும் கம்பஸையும் சேர்த்துக் குறிக்கிற இலக்கம்) விருப்ப ஒழுங்கில போடேக்கயும் அவசரப்படுத்தேல்லை. உனக்கு முதல்ல என்ன விருப்பம் எண்டு அவளிட்டத்தான் கேட்டவ, என்னட்ட இல்லை. போன வருச வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து விருப்பமானதைக் கீழ தள்ளாத, அது ஒவ்வொரு வருசமும் மாறும் எண்டு சொல்லி, மெடிசினை மேல விட்டு மற்றதுகளை யாழ்ப்பாணம், பேராதனை எண்டு ஒவ்வொண்டா பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கைநூலைத் திறந்து வாசிச்சுக் காட்டித்தான் போட்டவ.

குறை எண்டா, ஒரே ஒரு கொம்பியூட்டர், ரோக்கனும் இல்லை, வெளியில வெயிலுக்க தாய்மார் நிக்கினம். வெளிக்கிடேக்க காசு கட்டிப் படிக்கிற டிகிரி நோட்டீஸ் ஒண்டை எல்லாப் பிள்ளையளின்ர கையிலயும் திணிக்கினம், ஸ்கோர் குறைஞ்சு அழுதுகொண்டு நிக்கிற பிள்ளைக்கு அதைக் குடுக்கிறது பிழை, நிப்பாட்ட வேணும். காசு 1500 ரூபா, எனக்கு அது கூட எண்டு தெரியேல்லை. தனியப் போட்டாலும் போடலாம், கைநூல் தமிழில இருக்கு, ஆனா வீட்டில சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளையள் கட்டாயம் போங்கோ, காலமையே போங்கோ, ரிசல்ட் ஷீற்றோட பள்ளிக்கூடம் மாறின ஆக்கள் லீவிங் சேர்ட்டிபிக்கற்றையும் கொண்டு போங்கோ.