மஸ்டாங்குக்கு டிராக் வீல்: பின்னால் போடலாம், முன்னால் யோசிக்கணும்

அமெரிக்காவில் சனிக்கிழமை டிராக் ஸ்டிரிப்பிலும் (நேர்கோட்டு ரேஸ் தளம்) திங்கட்கிழமை ஆபீஸ் பார்க்கிங்கிலும் நிற்கிற வண்டிகளில் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி.க்குத் தனி இடம் உண்டு. 2015-ல் வந்த 5.0 லிட்டர் மாடலையே இங்கே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். எடை குறைந்த டிராக் வீல் மாட்ட நினைப்பவருக்கு மூன்று வழிகள். முன்னால் ஒல்லியான ‘ஸ்கின்னி’, பின்னால் அகல வீல் என்று நாலையும் மாற்றலாம். பின் இரண்டை மட்டும் மாற்றலாம். அல்லது ரோட்டுக்குக் கம்பெனி வீல், ரேஸுக்குத் தனி செட் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் எடைக் கணக்கு. சுழலும் எடையில் 1 கிலோ குறைத்தால் 8 கிலோ குறைத்த மாதிரி என்று சொல்வார்கள். அது தப்பு. எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால்கூட இரண்டு மடங்குக்கு மேல் போகாது. ரிம் அதைவிட உள்ளே இருப்பதால் 1.6 மடங்கு என்று வைப்பதே நியாயம். வீலுக்கு 4 கிலோ குறைந்தால் நாலுக்கும் 16 கிலோ, பலன் சுமார் 26 கிலோ. 100 பவுண்டு (45 கிலோ) குறைந்தால் 0.1 வினாடி என்ற பழைய கணக்குப்படி கால் மைலில் கிடைப்பது சுமார் 0.06 வினாடி. ரேஸில் அது பெரிய விஷயம்தான். ஆனால் தினம் ஓட்டுகிற வண்டியில் அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

முன்னால் ஸ்கின்னி

இந்த மஸ்டாங்கின் எடை ஏறக்குறைய 1,680 கிலோ. அதில் 53 சதவீதம் முன்னால் என்று வைத்தால், நிற்கும்போது ஒரு முன் வீலில் 445 கிலோ. முழு பிரேக் அடித்தால் பின்பக்க எடை முன்னால் சாய்ந்து, அதே வீலில் 600 கிலோவைத் தாண்டும். கம்பெனி டயரின் அகலம் சாதா ஜி.டி.யில் 235, பெரிய பிரேக்கோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் பேக்கில் 255 மி.மீ. ஸ்கின்னியில் தரையைப் பிடிக்கிற அகலம் கிட்டத்தட்ட அதில் பாதி. பிரேக் பெடல் முன்பு போலவேதான் இருக்கும், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரும் அதேதான். ஆனால் வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சீக்கிரமே துடிக்க ஆரம்பிக்கும், வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். மழையில் வளைவு எடுக்கும்போது மூக்கு நேராகவே போகப் பார்க்கும். இதைச் சரிக்கட்ட செட்டிங் எதுவும் கிடையாது.

அப்படியும் போடுவதானால் டயரின் பெயரைப் பார்த்து வாங்குங்கள். மிக்கி தாம்சன் கம்பெனி டயர்களில் ‘ஸ்போர்ட்ஸ்மேன் எஸ்/ஆர்’ ரோட்டுக்கு அனுமதி உள்ளது. ‘ஈ.டி. ஃப்ரண்ட்’ ரேஸுக்கு மட்டும். இரண்டும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். முன்னால் 26 இஞ்ச், பின்னால் 28 இஞ்ச் உயரம் வந்தால் வித்தியாசம் 7 சதவீதத்துக்கு மேல். வீல் வேகங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற டிராக்‌ஷன் கண்ட்ரோல் அந்த வித்தியாசத்தில் குழம்பலாம், டேஷ்போர்டில் விளக்கு எரியலாம்.

பிரேக் சைஸும் குறுக்கே நிற்கும். சாதா ஜி.டி.யில் முன் டிஸ்க் 352 மி.மீ. பெர்ஃபார்மன்ஸ் பேக்கில் 380 மி.மீ. பிரெம்போ. அதன் மேல் 17 இஞ்ச் ஸ்கின்னி உட்காராது, 18×5 (18 இஞ்ச் விட்டம், 5 இஞ்ச் அகலம்) தேட வேண்டும்.

பின்னால்: 15 இஞ்சா, 17 இஞ்சா?

உண்மையான லாபம் பின்னால்தான், அதுவும் ரிம்மைவிட டயரில். 275/60ஆர்15-ம் 305/45ஆர்17-ம் ஏறக்குறைய ஒரே உயரம், 28 இஞ்ச். பதினைந்தில் பக்கச்சுவர் பெரியது. கிளம்பும்போது அது மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதால் பிடிப்பு அபாரம். ஆனால் இந்த மாடலில் 15 உள்ளே போகப் பின் பிரேக்கையே சிறிதாக்கும் கிட் தேவை. ரோட்டு வண்டியில் அதைச் செய்யக் கூடாது என்பதே எங்கள் கருத்து. 17×10 கம்பெனி பிரேக் மேலேயே உட்காரும்.

ரப்பரில் மிக்கி தாம்சன் ‘ஈ.டி. ஸ்ட்ரீட் ஆர்’ களத்தில் நன்றாகக் கடிக்கும். ஆனால் டயரின் மேல் வெட்டுக்கோடுகள் மிகக் குறைவு, தண்ணீர் வெளியேற வழியில்லை. தினம் ஓட்டுபவர் அதே வரிசையில் ‘ஈ.டி. ஸ்ட்ரீட் எஸ்/எஸ்’ எடுக்கட்டும். எதுவானாலும் குளிர்காலத்தில் கழற்றிவிட வேண்டும். இந்த மென் ரப்பர் உறைநிலைக்குக் கீழே போனால் வெடிப்பு விடும்.

வார்ப்பா, ஃபோர்ஜ்டா, வெல்டிங்கா?

வார்ப்பு வீல் விலை குறைவு, எடை கொஞ்சம் கூடுதல். பள்ளத்தில் பலமாக அடிபட்டால் விரிசல் விடும். ஃபோர்ஜ்டு (உலோகத்தை அழுத்தி உருவாக்கியது) வளையும், சட்டென்று உடையாது. மூன்றாவது ரகம், மெல்லிய அலுமினியத் தகட்டை உருட்டி நடுப்பாகத்தோடு வெல்டிங் செய்தது. எடை குறைவில் இதுதான் முதலிடம், ரோட்டில் பலவீனமும் இதற்குத்தான். உள் விளிம்பு முதலில் நசுங்கும். நசுங்கல் வெளியே தெரியாது, வாரம் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. காற்று குறைவதுதான் முதல் அறிகுறி. காற்று குறைந்தால் வால்வை மாற்றுவதற்கு முன்னால் வீலைக் கழற்றி உள்பக்கம் வெல்டிங் ஓரத்தைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் அடித்துப் பார்க்கலாம், மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாக எழும்பும்.

எஸ்.எஃப்.ஐ. 15.1 முத்திரை ரேஸுக்கான தரச் சான்று. ரோட்டுப் பள்ளத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. தயாரிப்பாளர் எழுதியிருக்கும் சுமை அளவையும், ரோட்டில் ஓட்டலாம் என்ற வரியையும் தனியாகத் தேடுங்கள். டயரை போல்ட் போட்டுக் கவ்வும் பீட்லாக் ரோட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

மாட்டும்போது

வீல் உட்காரும் ஹப்பின் அளவு 70.5 மி.மீ. வீலின் நடுத்துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் ஹைவேயில் ஸ்டீயரிங் ஆடும். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் 3 மி.மீ.யாவது இருக்கட்டும், ஒட்டுகிற பேலன்ஸ் எடையின் கனத்தையும் கணக்கில் சேருங்கள். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி, வீலைப் பிடிக்கும் மரைக்கம்பியான ஸ்டட்டில் அதன் விட்டத்துக்குச் சமமான நீளமாவது நட் ஏற வேண்டும். இந்த வண்டியின் 14×1.5 ஸ்டட்டில் (விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ.) அது சுமார் ஒன்பதரைச் சுற்று. எட்டில் நின்றால் நீள ஸ்டட் மாற்றாமல் ஓட்டக் கூடாது. ஃபோர்டு சொல்லும் முறுக்கு 150 பவுண்டு-அடி. வீல் தயாரிப்பாளர் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.

ரிம்மிலிருந்து டயர் வரைக்கும் வெள்ளை மார்க்கரில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். குறைந்த காற்றில் கிளம்பும்போது டயர் ரிம்மின் மேல் நழுவும், கோடு இரண்டாகப் பிரிந்து தெரியும். நாலு விரல் நகர்ந்திருந்தால் பேலன்சிங் போச்சு என்று அர்த்தம், வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வண்டி உதறும். களத்தில் 16 முதல் 18 பி.எஸ்.ஐ. வைத்தவர் கேட்டைத் தாண்டும் முன் 28-க்கு மேல் ஏற்றிவிடட்டும். காற்றில்லாமல் ஹைவே ஏறினால் பக்கச்சுவர் சூடேறும், முதல் பள்ளத்திலேயே ரிம் அடிபடும்.

2005 முதல் நடக்கிற ஹாட் ராட் டிராக் வீக்கில் ஐந்து நாளில் 1,000 மைலுக்கு மேல் அதே வண்டியை ஓட்ட வேண்டும், உதவி வண்டி கிடையாது. அங்கே பலர் வண்டிக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் இழுத்துப் போவார்கள். அதில் ஜாக், டார்க் ரெஞ்ச், ஏர் கம்ப்ரசரோடு ரேஸ் டயர்களும் இருக்கும். தினம் ஓட்டும் மஸ்டாங்குக்கும் எங்கள் தேர்வு கிட்டத்தட்ட அதுதான். 17×10 பின் வீல் இரண்டும் கோடைக்கு மாட்டியே இருக்கலாம். ஸ்கின்னி ஸ்டிரிப்பின் வாசலில் ஏறி, வாசலிலேயே இறங்கட்டும். பழகிய கைக்கு இரண்டு முன் வீலை மாற்ற இருபது நிமிஷம் போதும்.