ஒற்றைத் தலைவலியைத் தடுக்க எந்தச் சத்து மாத்திரை: ரிபோஃப்ளேவினா, மக்னீசியமா, கோகியூ டென்னா?

அக்காவுக்கு ஒற்றைத் தலைவலி கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. வலப்பக்க நெற்றிப்பொட்டில் தொடங்கும், குமட்டும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால் மறுநாள்தான் எழுந்திருப்பாள். போன வருஷம் ஒரு மருந்துக்கடையில், “அடிக்கடி வருதுன்னா சத்துக் குறைவா இருக்கும், இதைப் போடுங்கம்மா” என்று ஒரு பி காம்ப்ளெக்ஸ் கேப்சூலைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் தவறாமல் விழுங்கினாள். தலைவலி குறையவே இல்லை. ஒரு நாள் அந்த அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தைச் செல்போன் வெளிச்சத்தில் படித்தேன்: ரிபோஃப்ளேவின் 10 மி.கி. ஒற்றைத் தலைவலிக்கான ஆராய்ச்சியில் கொடுத்ததோ 400 மி.கி.

அன்றிலிருந்துதான் இந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாமே வலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடுபவை. வலி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

ரிபோஃப்ளேவின் என்பது வைட்டமின் பி2. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இது தேவை. ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளையில் இந்தச் சக்தி உற்பத்தி கொஞ்சம் பின்தங்குகிறது என்ற கருத்திலிருந்துதான் இந்தச் சிகிச்சையே பிறந்தது. 1998இல் பெல்ஜியத்தின் ழான் ஷோனன் குழு 55 பேரிடம் மூன்று மாதம் சோதித்தது. தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள், 400 மி.கி. எடுத்தவர்களில் 59 சதவீதம். வெற்று மாத்திரை (ஒப்பிட மட்டும் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களில் 15 சதவீதம். பலன் முழுதாகத் தெரிந்தது மூன்றாவது மாதத்தில்தான். பக்கவிளைவு மிகக் குறைவு. சிறுநீர் மட்டும் மஞ்சள் கரைத்த தண்ணீர் மாதிரி போகும், பயப்பட வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வேளையில் நம் உடல் உறிஞ்சக்கூடிய ரிபோஃப்ளேவின் ஏறத்தாழ 27 மி.கி.தான். மிச்சம் உடலில் சேருவதே இல்லை. அப்படியானால் 400 எதற்கு? 2004இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனை இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. ஒரு பிரிவுக்கு ரிபோஃப்ளேவின் 400, மக்னீசியம் 300, ஃபீவர்ஃபியூ மூலிகை 100 மி.கி. மூன்றும் சேர்ந்த கலவை. ஒப்பிடுவதற்கு வைத்த இன்னொரு பிரிவுக்கு வெறும் 25 மி.கி. ரிபோஃப்ளேவின். தலைவலி பாதியாகக் குறைந்தவர்கள் கலவைப் பிரிவில் 42 சதவீதம், 25 மி.கி. பிரிவில் 44 சதவீதம்! இருந்தது 49 பேர்தான், அதனால் இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ‘மூன்றும் ஒரே மாத்திரையில்’ என்று விலை கூட்டி விற்கும் கலவைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனைதான் நினைவுக்கு வரும். குழந்தைகளிடம் 200 மி.கி. கொடுத்து 2008இல் செய்த சோதனையிலும் வெற்று மாத்திரையைவிடப் பலன் கூடவில்லை. பிள்ளைகளுக்கு நாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது மக்னீசியம். இது வைட்டமின் இல்லை, தாது. ஆனால் கடையில் இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும். 1996இல் ஜெர்மனியிலிருந்து இரண்டு சோதனைகள் வந்தன. ஒன்றில் 81 பேர்: தினம் 600 மி.கி. மக்னீசியம், சிட்ரேட் வடிவில் (மாத்திரையில் மக்னீசியம் தனியாக வராது, வேறொரு பொருளோடு சேர்ந்துதான் வரும்). தலைவலி வருவது சுமார் 42 சதவீதம் குறைந்தது; வெற்று மாத்திரையில் 16 சதவீதம். இன்னொன்றில் ஆஸ்பார்டேட் வடிவில் கொஞ்சம் குறைந்த அளவு கொடுத்தார்கள். பலன் எதுவும் தெரியாததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அதனால் எந்த வடிவம், எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

இங்கேதான் அட்டையை ஊன்றிப் படிக்க வேண்டும். ‘மக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதில் உண்மையான மக்னீசியம் சுமார் 140 மி.கி.தான். ‘எலிமென்டல்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் கணக்கு. ஆக்சைடு மலிவு, எடைக்கு 60 சதவீதம் மக்னீசியம். ஆனால் உடலில் சரியாகச் சேராது, வயிற்றைக் கலக்கும். 600 மி.கி. சோதனையிலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மக்னீசியத்தைத் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

மாதவிடாயை ஒட்டித் தலைவலி வரும் பெண்களுக்கு நான் மக்னீசியத்தைத்தான் முதலில் சொல்வேன். 1991இல் இத்தாலியில் 20 பெண்களுக்குச் சுழற்சியின் 15ஆம் நாளிலிருந்து மாதவிடாய் வரை தினம் 360 மி.கி. கொடுத்தார்கள். தலைவலி நாட்கள் குறைந்தன. சின்ன ஆராய்ச்சிதான், ஆனாலும் இவர்களுக்கென்றே செய்தது.

கோகியூ டென் மூன்றாவது. கோஎன்சைம் க்யூ10 என்பதன் சுருக்கம், நம் உடலே தயாரிக்கும் ஒரு பொருள். 2005இல் 42 பேரிடம் தினம் 300 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள், 48 சதவீதம் பேருக்குப் பலன், வெற்று மாத்திரையில் 14 சதவீதம். எண்கள் நன்றாக இருக்கின்றன, விலைதான் இடிக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஆகாது, அந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடலாம்.

வைட்டமின் டி? டென்மார்க்கில் 48 பேரிடம் நம்பிக்கை தரும் முடிவு வந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் குறைவு இருந்தால் மட்டும் எடுத்தால் போதும் என்பது என் எண்ணம். பட்டர்பர் என்ற மூலிகையை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். 2012இல் அமெரிக்க நரம்பியல் அமைப்பு அதற்கு முதல் தரப் பரிந்துரை கொடுத்தது. கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2015இல் அதையே விலக்கிக்கொண்டது. அதே 2012 பட்டியலில் ரிபோஃப்ளேவினும் மக்னீசியமும் இரண்டாம் தரம், கோகியூ டென் மூன்றாம் தரம்.

சரி, எதை வாங்குவது? பொதுவாக ரிபோஃப்ளேவினில் தொடங்குங்கள் என்பேன். மற்றவற்றைவிடச் சாட்சியம் மலைபோல் கூடுதல் என்பதால் இல்லை. தொந்தரவு மிகக் குறைவு என்பதால். ஒரே நேரத்தில் இரண்டைத் தொடங்கினால் எது கேட்டது என்றே தெரியாது. மருத்துவர் ஏற்கெனவே புரோப்ரனலால், டோபிரமேட், ஃப்ளுனாரிசின் மாதிரி தடுப்பு மருந்து ஏதாவது எழுதியிருந்தால், வைட்டமினை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பமாக இருந்தால் எதையுமே கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். அப்புறம், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்த்துக்கொண்டிருக்கலாம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

அக்கா மருத்துவரைக் கேட்டுவிட்டு 400 மி.கி. ரிபோஃப்ளேவின் மட்டும் எடுக்கிறாள். சமையலறை மாதக் காலண்டரில், வலி வந்த நாளுக்குச் சிவப்பு வட்டம், வலி மாத்திரை போட்ட நாளுக்குள் ஒரு புள்ளி. தொடங்கிய மாதத்தில் ஏழு வட்டம், போன மாதம் நாலு. மக்னீசியமும் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். “மூணு மாசம் முழுசா முடியட்டும்டா, கணக்குக் குழம்பிடும்” என்றாள்.