மேசைப் பாத்தியா, செங்கல் மேடையா, பையா?

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு என்னால் ஏற முடியாது. தோட்டமெல்லாம் பின்பக்க முற்றத்தில்தான், அதுவும் சக்கர நாற்காலியில் இருந்தபடி. மூன்று வழியையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

மேசைப் பாத்தி என்றால், கால் உள்ளே போக அடியில் இடம் விட்டு, மேலே மண் நிரப்பிய தட்டு. என் முழங்கால் நுழைய 27 அங்குலம் வேண்டும். அதற்கு மேல் 6 அங்குலத் தட்டு வைத்தாலே விளிம்பு 33 அங்குலத்துக்கு வந்துவிடும். ஆழம் இருந்தால் நல்லதுதானே என்று முதலில் 10 அங்குலத்தில் செய்தேன். பத்து நிமிஷம் களை எடுப்பதற்குள் தோள்பட்டை கடுத்துவிட்டது. சக்கரம் தள்ளுகிற தோள் அது, கெட்டுப்போனால் எனக்கு நடமாட்டமே இல்லை. மாற்றி 6 அங்குலத்தில் வைத்தேன். சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லிக்கு அது போதும். செம்மண் கனம் தாங்காது என்பதால் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்தேன். இடுப்பைத் திருப்பாமல், நேராக உட்கார்ந்து இரண்டு கையாலும் வேலை செய்யலாம். ஆனால் கத்திரி வெயிலில் இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். இன்னொன்று, இரும்புச் சட்டம் காய்ந்து, உணர்வில்லாத என் தொடையில் பட்டால் எனக்குச் சூடு தெரியாது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அடிவிளிம்பு முழுக்கச் சுற்றியிருக்கிறேன்.

செங்கல் மேடை என்றால், சுற்றிலும் சுவர் கட்டி உள்ளே மண் நிரப்பியது, ஒன்றரை அடி உயரம். மண் குளிர்ச்சியாக இருக்கும், ஈரமும் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் நிறுத்தி உடம்பை முறுக்கித்தான் எட்ட வேண்டும். பாரம் முழுக்க ஒரே பக்கம் விழுவதால் படுக்கைப்புண் பயம் உண்டு. எனக்கு ஒத்துவரவில்லை. காலில் காலிப்பர் என்கிற தாங்குசட்டம் போட்டு நடக்கிறவர்களுக்கோ அதுதான் முதல் தேர்வு என்பேன்: சுவரை 9 அங்குல அகலத்தில் கட்டினால் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம். வாடகை வீடென்றால் மேடையை விட்டுவிடுங்கள்.

கத்தரி, தக்காளிக்கு மண் நிரப்பிய பைதான். 12 அங்குலப் பையை ஓரடி ஸ்டாண்டில் வைத்தால் காய் நெஞ்சுக்கு நேராக வரும். பைகளுக்கு நடுவே மூன்றடி வழி விடுங்கள், திரும்புகிற இடத்தில் ஐந்தடி.

தண்ணீருக்கு வாளியை மடியில் வைக்காதீர்கள், நாற்காலி மெத்தை நனைந்தால் தோல் ஊறிவிடும். சொட்டுக்குழாய் சுகம். எங்கள் போர் தண்ணீரின் உப்பு அடைத்துக்கொள்வதால் வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன்.

1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். வேலையைத் தன் உயரத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். என் பாத்தியை அளக்கும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

அப்படித் தொழுநோயால் விரலில் உணர்வு போன நண்பர் ஒருவர் என் முற்றத்துக்கு வருவார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை அவர் பறித்தபோது காம்பு முள் குத்தியதே அவருக்குத் தெரியவில்லை. காய் மேல் ரத்தம் பார்த்துத்தான் கையைத் திருப்பினார். இப்போது அந்தப் பைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கீரைத் தட்டு அவருடையது.