ஈ.கோலை பங்காளிகள்: கே-12 எதைத் தொலைத்தது, பி எதைத் தொலைத்தது?

ஆய்வகத்து ஃப்ரீசரில் இருக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் டியூப்களில் பெரும்பாலானவை இரண்டே வம்சங்களில் அடங்கிவிடும்: கே-12, பி. இரண்டும் ஒரே இனம். இனத்துக்குள்ளும் ஒரே கிளை. ஆனாலும் பல பத்தாண்டுகளாகத் தனித்தனிச் சமையலில் வாழ்ந்து பழகிய பங்காளிகள். எந்த வேலைக்கு எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “குளோனிங்குக்கு (மரபணுவைப் படியெடுத்துப் பெருக்க) டிஹெச்5ஆல்ஃபா, புரதம் எடுக்க பிஎல்21” என்பதுதான். முன்னது கே-12 வம்சம், பின்னது பி வம்சம். பதில் சரி. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், சோதனை கோணலாகும்போது காரணம் புரியாது. ஒவ்வொன்றிலும் என்ன உடைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் உண்மையில் உதவும்.

கே-12 பிரிக்கப்பட்டது 1922இல், ஸ்டான்ஃபோர்டில், டிஃப்தீரியாவிலிருந்து தேறிவந்த ஒரு நோயாளியின் மலத்திலிருந்து. வரும்போதே ஜீனோமுக்குள் (மொத்த டிஎன்ஏவுக்குள்) லாம்டா ஃபேஜ் என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸையும், கூடவே எஃப் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தையும் சுமந்து வந்தது. பாக்டீரியாக்களும் மரபணுக்களைப் பரிமாறிக்கொள்ளும் என்று லெடர்பெர்க்கும் டேட்டமும் 1946இல் காட்ட முடிந்தது அந்த எஃப் இருந்ததால்தான். லாம்டா, எஃப் இரண்டையும் களைந்துவிட்ட வாரிசு எம்ஜி1655. 1997இல் இதன் ஜீனோம் முழுதும் வாசிக்கப்பட்டது; சுமார் 46.4 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் (கார இணைகள்). பி-க்கு அந்தப் பெயர் வந்தது 1942 வாக்கில், டெல்ப்ரூக்கும் லூரியாவும் ஃபேஜ் ஆய்வுக்கு அதை எடுத்தபோது. அதன் பூர்வீகம் பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஃபேஜ் ஆய்வாளர் டெரெல் வைத்திருந்த பாக்டீரியா வரை போகிறது. பி வம்சத்தில் இன்று பிரபலமானவை இரண்டு. ஒன்று ஆர்இஎல்606, லென்ஸ்கி 1988இல் தொடங்கிய நீண்டகாலப் பரிணாமச் சோதனையின் மூதாதை. இன்னொன்று பிஎல்21(டிஇ3), ஸ்டூடியரும் மொஃபாட்டும் 1986இல் வெளியிட்டது.

எம்ஜி1655இல் 46,41,652 கார இணைகள், ஆர்இஎல்606இல் 46,29,812. நீளத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 12,000 எழுத்துகூட வராது. பொதுவான பகுதிகளை அருகருகே வைத்தால் நூற்றுக்கு 99 எழுத்துகள் பொருந்திப்போகும். இதைப் பார்த்து “கிட்டத்தட்ட ஒன்றுதானே” என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம். அந்த ஒரு சதவீதமும் சீராகப் பரவியிருக்கவில்லை. சில நீண்ட பகுதிகளில் மாற்றமே இல்லை, சில இடங்களில் கொத்துக் கொத்தாக இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒன்றில் இருக்கும் துண்டு மற்றதில் அடியோடு இல்லாமல் போவது. இங்கே போனதும் அங்கே போனதும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் மொத்த நீளம் மட்டும் ஒத்துப்போகிறது.

கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 0.3 சதவீத அகார் போட்ட மென்மையான தட்டில், எம்ஜி1655ஐ ஒரு குச்சியால் குத்துங்கள். தள்ளி இன்னோர் இடத்தில் பிஎல்21ஐக் குத்துங்கள். நன்றாக நீந்தும் எம்ஜி1655 மறுநாள் குத்திய இடத்தைச் சுற்றிப் புகைபோல் வட்டமாகப் பரந்திருக்கும். பிஎல்21 குத்திய இடத்தில் ஒரு புள்ளியாகவே நிற்கும். பி வம்சத்தில் கசையிழைக்கான மரபணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் சுமார் 41,000 எழுத்து நீளத்துக்குத் துண்டு விழுந்திருக்கிறது. வால் இல்லாதது எப்படி நீந்தும்?

அடுத்ததாக, குளுக்கோஸ் கலந்த மினிமல் தட்டில் (உப்புகளும் சர்க்கரையும் தவிர வேறு ஊட்டம் இல்லாதது) வேலின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்துப் பாருங்கள். பி வளரும், கே-12 வளராது. கே-12இல் ஐஎல்விஜி மரபணு சட்டகம் பிசகி வேலை செய்யாமல் கிடக்கிறது. மிச்சமிருக்கும் நொதிகளை வேலின் அடக்கிவிடுவதால், ஐசோலூசின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தைத் தயாரிக்க வழியில்லாமல் செல் பட்டினி கிடக்கும். அதே கே-12இல் ஆர்பிஹெச் மரபணுவிலும் ஒரு பிசகு இருக்கிறது. யுராசில் (ஆர்என்ஏவின் எழுத்துகளில் ஒன்று) தயாரிக்க உதவும், அடுத்திருக்கும் பைரிஇ மரபணுவின் வேலையை அது குறைத்துவிடுவதால், யுராசில் இல்லாத மினிமல் மீடியத்தில் எம்ஜி1655 10 முதல் 15 சதவீதம் மெதுவாகத்தான் வளரும். “காட்டு வகை” என்று பாடப்புத்தகங்களில் அழைக்கப்படும் ஸ்ட்ரெய்னின் (வம்சத்துக்குள் ஒரு தனி வகையின்) கதி இது! வளர்ச்சி வேகத்தை ஒப்பிடுகிறவர்கள் யுராசில் சேர்க்காமல் கே-12ஐயும் பி-யையும் ஓட்டினால், எதை அளக்கிறோம் என்றே தெரியாமல் அளப்பதாகத்தான் அர்த்தம்.

இரு வம்சங்களுக்கும் இடையே என்னைக் கேட்டால் மிகச் சுவையான வித்தியாசம் லோன். செல்லில் சரியாக மடியாத புரதங்களையும் வேலை முடிந்த புரதங்களையும் வெட்டிப்போடும் நொதி அது. பி-யில் லோன் மரபணுவின் முகப்பில் ஒரு தாவும் மரபணு வந்து உட்கார்ந்திருப்பதால் அந்த நொதி உற்பத்தியாவதில்லை. பிஎல்21இல் வெளிச்சவ்வில் இருக்கும் ஓம்ப்-டி என்ற வெட்டு நொதியும் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த மரபணுவைக் கொடுத்துப் புரதம் செய்யச் சொன்னால், வெட்டும் கத்திகள் இரண்டு குறைந்த செல்லில் அது கூடுதலாகத் தேறுகிறது. பிஎல்21 புரத உற்பத்திக்கு உகந்ததானது இப்படித்தான்.

அதே லோன் இல்லாததற்குக் கொடுக்கவேண்டிய விலையும் உண்டு. புற ஊதா ஒளி பட்டு டிஎன்ஏ பழுதானால், செல் பிரியாமல் தடுக்க சுல்ஏ என்ற புரதம் உருவாகும். பழுது சரியானதும் லோன் அதைத் துண்டாக்கிவிட, செல் மீண்டும் பிரியத் தொடங்கும். பி-யில் துண்டாக்க ஆளில்லை. செல் பிரியாமல் நூல்போல நீண்டுகொண்டே போய்ச் சாகும். எவலின் விட்கின் 1944இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பி-யின் மேல் புற ஊதா பாய்ச்சியபோது தப்பிப் பிழைத்தவை நான்கே காலனிகள். அந்த வழியில் வந்ததுதான் பி/ஆர் ஸ்ட்ரெய்ன். லோன் இல்லாத குறையை அது சரிசெய்துகொள்ளவில்லை, சுல்ஏவையே கெடுத்துவைத்துக்கொண்டது. தடுப்பவனே இல்லையென்றால் விலக்கிவிடவும் ஆள் தேவையில்லையே. எனவே புற ஊதா, டிஎன்ஏ பழுது என்று எதையாவது படிப்பதாக இருந்தால் பிஎல்21 பக்கமே போகாதீர்கள்.

ஃபேஜ்காரர்களுக்கு இந்தப் பங்காளி வித்தியாசமே கருவியானது. டி4 ஃபேஜின் ஆர்2 மியூட்டன்ட்கள் (ஆர்2 பகுதி கெட்டுப்போன திரிபுகள்) பி-யில் செழிப்பாக வளரும். லாம்டா குடியிருக்கும் கே-12இல் வளராது. இந்த ஒரு வடிகட்டியை வைத்துத்தான் 1950களில் பென்ஸர் ஒரு மரபணுவின் உட்புறத்தையே வரைபடமாக்கினார்.

குளுக்கோஸ் அதிகம் ஊற்றி அடர்த்தியாக வளர்க்கும்போதும் பி ஒரு படி மேல். கே-12 அசிட்டேட்டைக் கொட்டித் தன் தலையிலேயே மண் போட்டுக்கொள்ளும். பி அந்த அசிட்டேட்டைத் திரும்ப எரித்துக்கொள்கிறது. ஆனால் காற்றில்லாச் சூழலில் கதை தலைகீழ். பிஎல்21(டிஇ3)இல் ஆக்சிஜன் இல்லாத நிலையை உணரும் எஃப்என்ஆர் மரபணு நடுவில் அறுந்திருக்கிறது, மாலிப்டினம் உறிஞ்சும் மரபணுக்களும் இல்லை. ஹைட்ரஜனேஸ் மாதிரி, காற்றில்லாச் சூழலில் உருவாகும் நொதிகளை இதில் எடுக்க நினைப்பவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கவும்.

டிஇ3 என்பது லாம்டா ஃபேஜில் ஏற்றி ஜீனோமில் பதித்த டி7 ஆர்என்ஏ பாலிமரேஸ் மரபணு; நாம் கொடுக்கும் மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதி இதிலிருந்து வருகிறது. ஐபிடிஜி என்ற தூண்டு வேதிப்பொருளை ஊற்றினால் அது விழிக்கும். சிக்கல் என்னவென்றால் ஐபிடிஜி ஊற்றாமலும் கொஞ்சம் விழித்திருக்கும். சவ்வுப் புரதங்கள், நச்சுப் புரதங்கள் என்றால் அந்தக் கசிவே செல்லைக் கொன்றுவிடும். அதற்கு சி41, சி43 இருக்கின்றன. கேம்பிரிட்ஜில் மிரூவும் வாக்கரும் 1996இல் பிஎல்21(டிஇ3)இலிருந்தே பொறுக்கியெடுத்தவை இவை. பாலிமரேஸின் முகப்பு பலவீனமாகிவிட்டதுதான் இவற்றின் ரகசியம் என்று பிற்பாடு தெரிந்தது.

குளோனிங் ஸ்ட்ரெய்ன்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஹெச்5ஆல்ஃபாவில் ரெக்ஏ (டிஎன்ஏ துண்டுகளை மாற்றிச் சேர்ப்பது), எண்ட்ஏ (டிஎன்ஏவை வெட்டுவது) என்ற மரபணுக்கள் இரண்டும் உடைந்திருப்பதால் பிளாஸ்மிட் குலையாமல் சுத்தமாகக் கிடைக்கும். பிஎல்21இல் இரண்டும் வேலை செய்வதால் அதிலிருந்து பிளாஸ்மிட் எடுப்பது வீண்வேலை. இன்னொரு கே-12 குளோனிங் ஸ்ட்ரெய்னான டிஹெச்10பி மட்டும் ஒரு வேடிக்கை. டியோஆர் மரபணு கெட்டிருப்பதால்தான் பெரிய பிளாஸ்மிட்களை அது ஏற்கிறது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2008இல் ஜீனோமை வாசித்தால் டியோஆர் நன்றாகவே இருக்கிறது! கூடவே 1,13,000 எழுத்துள்ள ஒரு பகுதி இரட்டித்திருந்தது. இதை மினிமல் தட்டில் போட்டு வளரவில்லையே என்று தவிப்பவர்கள் லூசின் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தார்களா என்று பார்க்கவேண்டும். அதற்கான மரபணுக்கள் இதில் நீக்கப்பட்டுவிட்டன.

சரி, கே-12க்குள்ளாவது பெயரை நம்பலாமா? ஜப்பானில் புழங்கும் டபிள்யூ3110ஐயும் எம்ஜி1655ஐயும் ஒப்பிட்டால் ஏழே முக்கால் லட்சம் எழுத்துக்கு மேல் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. அதே சமயம், இரண்டுக்கும் இடையே எழுத்து வித்தியாசங்கள் என்று முதலில் பட்டியலிட்டவற்றில் பெரும்பகுதி வாசிப்புப் பிழைகள்தான் என்று 2006இல் திருத்தப்பட்டது. எம்ஜி1655 என்ற ஒரே பெயரில் சேமிப்பு மையங்கள் தரும் டியூப்களும் ஒன்றல்ல. சிலவற்றில், கசையிழை உற்பத்தியை முடுக்கும் எஃப்எல்ஹெச்டி மரபணுவின் முன்னால் ஒரு தாவும் மரபணு இருக்கிறது. அவை வேகமாக நீந்தும். இல்லாதவை மந்தம். மேலே சொன்ன மென்மையான அகார் தட்டில் உங்கள் எம்ஜி1655 பரவாமல் நின்றால் கை தவறிவிட்டதாக நினைக்கவேண்டாம், எந்த மையத்து டியூப் என்று பாருங்கள். இன்னும் சில டியூப்களில் எஃப்என்ஆரே காணாமல் போயிருந்ததும் உண்டு.

பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஸ்ட்ரெய்ன் வாங்கும்போது பெயரோடு சேமிப்பு மைய எண்ணையும் கேட்டு வாங்குங்கள். வந்த டியூபிலிருந்து ஒரே காலனியை எடுத்து உடனே கிளிசரால் ஸ்டாக் போட்டுவிட்டு, அப்புறம் அதே காலனியின் ஜீனோமை வாசிக்கக் கொடுங்கள். பாக்டீரியா ஜீனோம் வாசிப்பதற்கு இன்று ஆகும் செலவு, தவறான ஸ்ட்ரெய்னை வைத்து ஆறு மாதம் ஓட்டும் செலவைவிடக் குறைவு.